கம்பியில்லா நெறிமுறைகளின் முறைசார் பகுப்பாய்வு

கம்பியில்லா வலைப்பின்னலில் கருவிகள் எந்தச் செய்தியை எப்போது, எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்று விதிப்பது நெறிமுறை. அவ்விதிகளைக் கணித மாதிரியாக எழுதி, நேரக்கூடிய எல்லா வழிகளிலும் அவை பிசகாமல் நிற்குமா என்று ஆராய்வது முறைசார் பகுப்பாய்வு. இதில் கிடைக்கும் நிரூபணம் மாதிரிக்குள் வந்ததற்கு மட்டுமே பொறுப்பேற்கும். வைஃபையின் வரலாறே இதற்குச் சான்று. 1997-இல் வந்த 802.11 தரத்தின் ‘வெப்’ பாதுகாப்பு, 2001-இல் ஆய்வாளர்களிடம் உடைபட்டது. அதற்கு மாற்றாக 2004-இல் 802.11i தரம் நிறைவேறியது. சந்தையில் அதன் பெயர் டபிள்யூபிஏ2. கடவுச்சொல்லைக் காற்றில் விடாமலேயே, கைப்பேசியும் ரவுட்டரும் நான்கு செய்திகளில் ஒன்றையொன்று உறுதிசெய்து புதிய சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்வதே அதன் உயிர்நாடி. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டின் சங்ஹுவா ஹே, ஜான் மிட்செல் இருவரும் ‘மர்ஃபை’ என்னும் கருவியால் அதைச் சோதித்து, போலியான முதல் செய்தியால் இணைப்பையே முடக்கலாம் என்று காட்டினர். 2005-இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, அந்நெறிமுறை பாதுகாப்பானது என்ற நிரூபணத்தையும் வெளியிட்டனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப், ஃபிராங்க் பீசன்ஸ் இருவரும் ‘கிராக்’ தாக்குதலை வெளியிட்டனர். நான்காம் செய்தி வந்துசேராவிட்டால் ரவுட்டர் மூன்றாவதைத் திரும்ப அனுப்பும். கைப்பேசியோ அதைப் பெற்றதும் பயன்பாட்டிலுள்ள சாவியையே மீண்டும் பொருத்தி, பொதிகளின் எண்ணிக்கையைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். ஒரே சாவியும் ஒரே எண்ணும் இரு பொதிகளுக்கு வாய்த்தால் மறையாக்கம் தளர்ந்துவிடும். அப்படியானால் 2005-இன் நிரூபணம் பொய்யா? இல்லை. சாவி வெளியே கசியாது என்றது அது. கிராக்கிலும் சாவி கசியவில்லை. சாவியை எப்போது, எத்தனை முறை பொருத்துவது என்பது அந்த மாதிரியில் இடம்பெறவேயில்லை. எல்லாவற்றையும் மாதிரியில் சேர்த்தால் கணினியே திணறும், ஆகவே விட்டுவிடுவது தவிர்க்க முடியாதது என்பர் சிலர். அது உண்மைதான், ஆனால் எதை விடுவது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. செய்தி தொலைவதும் திரும்ப அனுப்பப்படுவதும் கம்பியில்லா ஊடகத்தில் அன்றாட நடப்பு. அதை விட்டுவிட்டு வரைந்த மாதிரி கம்பியில்லா நெறிமுறையின் மாதிரியே ஆகாது. 2020-இல் காஸ் கிரெமர்ஸ் குழு ‘டாமரின்’ கருவியில் மறு அனுப்பல், பொதி எண்ணிக்கை, குழுச்சாவி மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, திருத்தப்பட்ட டபிள்யூபிஏ2 கிராக் வகைத் தாக்குதல்களைத் தாங்கும் என்று நிறுவியது. முன்பு விடுபட்டவை உள்ளே வந்த பிறகும் கணினி திணறிவிடவில்லை.