ஆனந்தரங்கப் பிள்ளை குடும்பம்
புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர், தரகர்) பதவியைத் தலைமுறைகளாக வகித்த வணிகக் குடும்பம். அப்பதவியில் இருந்த நைனியப் பிள்ளை 1716இல் சிறைப்பட்டு, சொத்துகளை இழந்து, மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். மகன் குருவப் பிள்ளை பிரான்சுக்கே போய் முறையிட்டு, கிறித்தவராகி, செவாலியே பட்டத்துடன் திரும்பித் தந்தையின் பதவியைப் பெற்றார். நைனியரின் மைத்துனர் மகன் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) ஆளுநர் துய்ப்ளே காலத்தில், 1747இல், அப்பதவிக்கு வந்தார். பாக்கு, துணி வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைவிட, 1736 முதல் தமிழில் எழுதிய நாட்குறிப்பே அவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்து. அவருக்குப்பின் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை அதைத் தொடர்ந்தார். கீழே மரத்தூண்களும் மேலே சுதைத்தூண்களும் கொண்ட ஆனந்தரங்கரின் மாளிகை பெரிய மார்க்கெட் அருகே இன்றும் உள்ளது.