1806ஆம் ஆண்டின் புதிய தலைப்பாகை

புதிய தலைப்பாகை என்பது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இந்தியச் சிப்பாய்களுக்கென 1805 நவம்பரில் ஆணையிடப்பட்ட தலையணியாகும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்கு இதுவே உடனடிக் காரணமாயிற்று.

உத்திரமேரூரிலிருந்து வடக்கே பாலாற்றைக் கடந்தால் வரும் வாலாஜாபாத், அக்காலத்தில் கம்பெனியின் முக்கியமான படை முகாம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூரின் சிப்பாய்களும் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். கிளர்ச்சி என்றதும் வேலூர் மட்டுமே பேசப்படுவதால் இவ்வூரின் பங்கு பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

அதுவரை சிப்பாய்கள் அணிந்த தலைப்பாகை நம் நாட்டு வழக்கத்தை ஒட்டியது. புதியதோ ஏறக்குறைய ஐரோப்பியத் தொப்பியின் வடிவில் இருந்தது. அதில் இறகும், தோலால் செய்த சின்னமும் பொருத்தப்பட்டன. அத்தோல் எந்த விலங்கினுடையது என்பதே பெரிய கேள்வி. பசுவின் தோலாக இருந்தால் இந்துக்களுக்கும், பன்றியின் தோலாக இருந்தால் முஸ்லிம்களுக்கும் அது தீட்டு. மேலும் ஐரோப்பியரை மக்கள் 'தொப்பிக்காரர்' என்றே அழைத்தனர். தொப்பி போட்டவன் மதம் மாறியவன் என்று ஊரும் உறவும் கருதிவிடும். பெண் கொடுக்கவோ உடன் உண்ணவோ யாரும் முன்வரமாட்டார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று.

1806 மார்ச்சில் வந்த படை விதிகள் இவ்வச்சத்தை உறுதிப்படுத்தின. அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அவற்றின் பத்தாம் பத்தி கூறியது. தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் இதனை ஒழுங்கு பற்றிய செய்தியாகவே பார்த்தார்.

மே மாதம் வேலூரில் 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் தலைப்பாகையை அணிய மறுத்தது. 21 பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஹவில்தார் இருவருக்குத் தலா 900 கசையடி. மற்ற 19 பேருக்கு விதிக்கப்பட்ட 500 கசையடி மன்னிக்கப்பட்டது. ஜூனில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் சதி நடப்பதாகத் தன் அதிகாரியிடம் கூறியபோது, அவரைப் பைத்தியம் என்று சொல்லிச் சிறையில் அடைத்தனர்.

ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட்டும் 69ஆம் ரெஜிமெண்டின் வீரர்கள் பலரும் கொல்லப்பட்டனர். அங்கு காவலில் இருந்த திப்பு சுல்தான் மைந்தர்களை முன்னிறுத்தி மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்த கர்னல் கில்லெஸ்பி அன்றே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். பின்னர் வேலூருக்குப் பொறுப்பேற்றவர் வாலாஜாபாத் தளபதியான கர்னல் ஹார்கோர்ட். விசாரணைக்குப் பின் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர், ஐவர் துப்பாக்கியால் சுடப்பட்டனர், எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர்.

திப்பு குடும்பத்தின் தூண்டுதலே காரணம் என ஒரு சாரார் வாதிட்டனர். ஆயினும் ஜூலை மாதமே தலைப்பாகை ஆணை விலக்கப்பட்டதும், கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டதும் அரசு எதனை நம்பியது என்பதைக் காட்டுகின்றன.

பிற்காலத்தில் ஜெர்மானியக் குடியேற்றப் படையும் தலையணியில் இதே பிரிவைப் பேணியது. கிழக்காப்பிரிக்காவில் ஐரோப்பியருக்கு வலப்புறம் மடித்துச் சின்னம் குத்திய அகன்ற தொப்பி. அஸ்காரி எனப்பட்ட ஆப்பிரிக்க வீரருக்குக் காக்கி உறையிட்ட தார்பூஷ். அங்கு ஆப்பிரிக்கரை ஐரோப்பியத் தொப்பிக்குள் திணிக்க முயலவில்லை.

கிளர்ச்சியில் ஈடுபட்ட 1ஆம், 23ஆம் ரெஜிமெண்டுகள் படைப்பட்டியலிலிருந்து எண்ணோடு நீக்கப்பட்டு, 24, 25 என்ற புதிய எண்களில் அமைக்கப்பட்டன. 1817இல் நாக்பூர் அருகே சீதாபல்டிப் போரில் 24ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் சிறப்பாகப் போரிட்டது. அதற்கு வெகுமதியாகச் சிப்பாய்கள் கேட்டது தங்கள் பழைய எண்ணையும், சீருடையின் பழைய நிறப்பட்டையையும். இரண்டும் வழங்கப்பட்டன.