வால்டர் ஜாக்சன் பேட்

வால்டர் ஜாக்சன் பேட் (1918–1999) அமெரிக்க இலக்கிய ஆய்வாளர், வாழ்க்கை வரலாற்றாசிரியர். ஆங்கில இலக்கிய மேதைகளான ஜான் கீட்ஸ், சாமுவேல் ஜான்சன் ஆகியோரைப் பற்றி இவர் எழுதிய வரலாறுகள் இரண்டும் புலிட்சர் பரிசு பெற்றன. முன்னோரின் பெரும் படைப்புகளைக் கண்டு மலைத்து நிற்கும் எழுத்தாளருக்குத் தாமும் எழுதலாம் என்ற துணிவு எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வி இவருடைய முக்கிய நூல்களை ஒரே சரட்டில் கோக்கிறது.

பிறப்பும் கல்வியும்

பேட் மின்னசோட்டா மாநிலத்தின் மன்கேட்டோ நகரில் 1918 மே 23 அன்று பிறந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே படித்தார். 1942இல் முனைவர் பட்டம் பெற்றார். விடை தெரியாத நிலையைப் பொறுத்துக்கொள்ளும் மனவலிமை கவிஞருக்கு வேண்டும் என்று 1817இல் கீட்ஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அக்கருத்தை ஆராய்ந்து மாணவப் பருவத்தில் பேட் எழுதிய கட்டுரை 1939இல் நூலாக வெளிவந்தது. பின்னர் ஹார்வர்டிலேயே பேராசிரியரானார். ஜான்சனின் காலத்தைப் பற்றிய அவருடைய வகுப்பு மாணவரிடையே பெரும் புகழ் பெற்றது.

கீட்ஸ்

1945இல் வெளியான நூலில் கீட்ஸின் நடை வளர்ந்த விதத்தை அடி அடியாக ஆராய்ந்தார். ஓர் அடியில் இடைநிறுத்தம் எங்கே விழுகிறது, உயிரொலிகள் எந்த ஒழுங்கில் மாறி மாறி வருகின்றன என்பது வரை கணக்கெடுத்தார். இந்த நுணுக்கமான உழைப்பே 1963இல் வந்த ‘ஜான் கீட்ஸ்’ வரலாற்றுக்கு அடித்தளம். எட்டு வயதில் தந்தையையும் பதினான்கு வயதில் தாயையும் இழந்து, மருத்துவம் பயின்று, 25 வயதில் ரோமில் இறந்த ஒருவர், 1819 என்ற ஒரே ஆண்டில் தம் தலைசிறந்த கவிதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியது எப்படி என்று இந்நூல் படிப்படியாகக் காட்டுகிறது. கவிதையைக் கவிஞரின் வாழ்விலிருந்து பிரித்துப் படிக்கும் ‘புதுத் திறனாய்வு’ செல்வாக்குடன் இருந்த காலத்தில், பேட் இரண்டையும் சேர்த்தே வாசித்தார். 1964இல் இந்நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

முன்னோரின் சுமை

1970இல் வெளியான ‘கடந்த காலத்தின் சுமையும் ஆங்கிலக் கவிஞரும்’ டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளின் நூல்வடிவம். ஷேக்ஸ்பியருக்கும் மில்டனுக்கும் பிறகு எழுத என்ன மிஞ்சியிருக்கிறது என்ற அச்சம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர்களை வாட்டியதை இது விவரிக்கிறது. திறனாய்வாளர் ஹெரால்ட் புளூம் மூன்றாண்டுகளுக்குப் பின் வெளியிட்ட, முன்னோர் செல்வாக்கைப் பற்றிய கோட்பாட்டு நூலோடு இது இன்றும் ஒப்பிடப்படுகிறது.

ஜான்சன்

ஜான்சனைப் பற்றி 1955இலேயே ஒரு நூல் எழுதிய பேட், யேல் பதிப்பு வரிசையில் ஜான்சனின் கட்டுரைத் தொகுதிகளையும் பதிப்பித்தார். 1977இல் முழு வரலாற்றை வெளியிட்டார். புகழ்பெற்ற முந்தைய வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் 1763இல்தான் ஜான்சனைச் சந்தித்தார். அப்போது ஜான்சனுக்கு வயது 53. பேட் அதற்கு முந்தைய இருண்ட ஆண்டுகளுக்கு உரிய இடம் கொடுத்தார். பணமில்லாமல் ஆக்ஸ்போர்டை விட்டு வெளியேறிய இளைஞர் மனம் உடைந்து, அதிலிருந்து மீள லிச்ஃபீல்டுக்கும் பர்மிங்காமுக்கும் இடையே நடந்து நடந்து உடலை வருத்திக்கொண்டதை ஆழ்ந்த பரிவோடு எழுதினார். பிறரை ஏளனம் செய்யத் தொடங்கும் ஜான்சனின் பேனா பாதியிலேயே இரக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பது பேட்டின் அரிய கண்டுபிடிப்பு. இந்நூல் 1978இல் புலிட்சர் பரிசோடு தேசியப் புத்தக விருதையும் பெற்றது.

பிற்காலமும் மதிப்பீடும்

1983இல் ஜேம்ஸ் எங்கலுடன் இணைந்து ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் ‘பயோகிராஃபியா லிட்டராரியா’ நூலைப் பதிப்பித்தார். இலக்கியக் கல்வி குறுகிய துறைகளாகச் சிதறுவதைக் கண்டு வருந்தி 1982இல் அவர் எழுதிய கட்டுரை கடும் விவாதத்தைக் கிளப்பியது. 1999 ஜூலை 26 அன்று பாஸ்டனில் காலமானார். அச்சமும் இழப்பும் நோயும் சூழ்ந்த மனிதர்கள் அவற்றினூடே எழுதி வென்றதை, போற்றிப் புகழாமலும் குறைத்து மதிப்பிடாமலும் சான்றுகளோடு காட்டியதே வாழ்க்கை வரலாற்றுக் கலைக்கு பேட் அளித்த பெரும் பங்களிப்பு.