ஹைஸ்மன் விருது: அறிவிக்கும் காலம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கு நியூயார்க்கில் 1935 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் கோப்பை. டிசம்பரில், லீக் ஆட்டங்கள் முடிந்த கையோடு, பத்திரிகையாளர்களும் முன்னாள் வெற்றியாளர்களும் வாக்களித்துத் தேர்வு செய்கிறார்கள். பருவத்தின் உச்சமான ஆட்டங்களோ அதன்பிறகே நடக்கின்றன. 2005இல் ரெஜி புஷ் விருது பெற்றார். வின்ஸ் யங் இரண்டாமிடம். 2006 ஜனவரி 4 அன்று பாசடினாவில் இருவரின் அணிகளும் இறுதிப் போட்டியில் மோதின. 19 நொடிகள் மிச்சம், நான்காவது முயற்சி. எறிய ஆள் கிடைக்காத யங் பந்தோடு வலப்புறம் 8 கெஜம் ஓடிக் கோல் கோட்டைக் கடந்தார். யங்கின் டெக்சாஸ் அணி 41–38 என வென்றது. அன்று அவர் ஓடியது மட்டும் 200 கெஜம். வாக்குச்சீட்டில் அதற்கு இடமே இல்லை.

வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, பிற்பருவ ஆட்டங்களையும் கணக்கில் எடுத்தால் வலுவான அணியின் வீரருக்கே சாதகமாகும் என்பது முக்கிய ஆட்சேபம். நியாயமான கவலைதான். ஆனால் டிசம்பர் முதல் வார லீக் சாம்பியன்ஷிப் ஆட்டங்களும் எல்லா அணிக்கும் கிடைப்பதில்லை; அவற்றை வாக்காளர்கள் எடைபோடத்தான் செய்கிறார்கள். ஜனவரியில் நாடே வேறு நினைப்பில் இருக்கும் என்பாரும் உண்டு. பெருந்தொற்றால் தள்ளிப்போன 2020ஆம் பருவ விருது 2021 ஜனவரி 5 அன்று டெவான்டா ஸ்மித்துக்கு அறிவிக்கப்பட்டது. கோப்பையின் மதிப்பு குறையவில்லை. அப்போதும் வாக்குப்பதிவு டிசம்பரிலேயே முடிந்திருந்தது என்பதுதான் வருத்தம். 2024 முதல், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் 12 அணிகள். ஒரு வீரர் நான்கு ஆட்டங்கள்வரை கூடுதலாக ஆடலாம். இறுதிப் போட்டிக்கு மறுவாரம் அறிவிப்பதே முறை.