கிரியோலரும் யேசுசபைத் துறவியரும்

ஸ்பானியப் பேரரசின் அமெரிக்க நாடுகளிலே, ஸ்பானியப் பெற்றோருக்கு அம்மண்ணிற் பிறந்தோர் கிரியோலர் எனப்பட்டனர். (இச்சொல் பிறவிடங்களிற் கலப்பு மொழிகளையுங் குறிக்கும், ஈண்டு அப்பொருள் கொள்ளற்க.) குருதியால் ஆள்வோரோடு ஒன்றியிருந்தும், தாயகத்திலிருந்து வந்தோருக்கு உயர்பதவிகளைப் பறிகொடுத்து நின்ற இவர்கள் தம்மை யாரெனக் கூறிக்கொள்வது? இவ்வினா முதலில் மடங்களிலேயே கூர்மையடைந்தது. 17ஆம் நூற்றாண்டிலே துறவியர் சபைகள் பலவற்றில், தலைமையை இருசாராரும் மாறிமாறி வகிக்கவேண்டுமென விதி செய்யவேண்டியதாயிற்று.

மெக்சிக்கோவிற் குவாதலூப்பே மாதா வழிபாடு இவ்வுணர்ச்சிக்கு உருவங் கொடுத்தது. 1531இல் சுதேச இந்தியர் ஒருவருக்கு மாதா காட்சியளித்தார் என்பது மரபு. மிகுவேல் சாஞ்செஸ் என்னும் கிரியோலக் குரு 1648இல் அதனை நூலாக்கி, தம் நாடு தேவமாதாவாலே தெரிந்தெடுக்கப்பட்டதெனப் பெருமிதங் கொண்டார்.

1767இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் யேசுசபையாரை நாடுகடத்தினார். மெக்சிக்கோவிலிருந்து மாத்திரம் 600இற்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அந்நாட்டிற் பிறந்தோரே. குடிகள் வாய்திறவாது பணிதற்கே பிறந்தோர் என அரசப் பிரதிநிதி அறிக்கை விடுத்தார். கிளர்ந்தெழுந்த ஊர்களிற் பலர் தூக்கிலிடப்பட்டனர்.

நாடிழந்தோருள் ஒருவர், 1731இல் வேராகுரூஸ் நகரிற் பிறந்த பிரான்சிஸ்கோ ஹவியேர் கிளவிஹேரோ. அமெரிக்காவைக் கண்ணாலுங் காணாத டி போ என்பார், அந்நாட்டுக் காற்றும் நிலமும் விலங்கையும் மனிதரையும், ஆங்குப் பிறக்கும் ஐரோப்பியரையுங்கூட, இழிவுறச் செய்யும் என 1768இல் எழுதினார். இத்தாலியில் அகதியாயிருந்த கிளவிஹேரோ, மெக்சிக்கோவின் பண்டை வரலாற்றை எழுதி 1780-81இல் வெளியிட்டு அதனை மறுத்தார். அஸ்தெக்கரின் நாவாத்தில் மொழியை அறிந்தவராதலின், நுண்பொருள்களைக் கூறும் ஆற்றல் அதற்கில்லையென்ற கூற்றை அம்மொழிச் சொற்களை அடுக்கியே தகர்த்தார்.

ஈண்டொன்று நோக்கற்பாலது. அஸ்தெக்கர் கிளவிஹேரோவின் முன்னோரல்லர். அவர்களை வென்றோரே அவர் முன்னோர். வென்றோர் வழியினர், தோற்றோரின் பழமையைத் தம் பழமையாக உரிமைகொண்டனர். இந்திய உழைப்பில் வாழ்ந்த கிரியோலச் செல்வர்க்கு இது வாய்ப்பான பெருமையே. ஆயின் கிளவிஹேரோவை அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிடல் நீதியன்று. உயிருடனிருந்த இந்தியரின் அறிவும் ஆன்மாவும் எவர்க்குந் தாழ்ந்தனவல்ல என்றும், இரு குலத்தாரும் மணவினையால் ஒன்றாகியிருத்தல் வேண்டுமென்றும் அவர் எழுதினார்.

பெருநாட்டவரான விஸ்கார்தோ, நாடுகடத்தப்பட்ட யேசுசபையாருள் மற்றொருவர். அமெரிக்க ஸ்பானியர்க்கு அவர் வரைந்த மடல் விடுதலையையே வேண்டிற்று. அவர் இறந்தபின் 1799இல் அது அச்சேறியது. 1810இல் மெக்சிக்கோவிற் புரட்சிக்கொடி உயர்த்திய இதால்கோ பாதிரியார், இளமையில் யேசுசபைக் கல்லூரியொன்றிற் பயின்றவர். அவர் ஏந்திய கொடியில் விளங்கியது குவாதலூப்பே மாதாவின் திருவுருவம். பின்சென்றோருட் பெருந்தொகையினர் இந்தியர். அக்கூட்டத்தைக் கண்டு அஞ்சிக் கிரியோலச் செல்வர் பலர் அரசர் பக்கமே சார்ந்தனர்.