ரவையின் பருமனும் வீட்டுப் பட்டறையும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே, யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அலுவிகாரை. பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்பதே இவ்வூருக்குள்ள பெரும் புகழ். ஆயினும் துவக்குடன் தொடர்புடைய இரு செய்திகளும் இவ்வூரின் வரலாற்றில் உள்ளன. ஆளுநர் டொரிங்டன் பிரபு 1848 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய வரிகளுள், துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் இரண்டரை ஷில்லிங் செலுத்தி அனுமதி பெற வேண்டும் என்பதும் ஒன்று. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அவ்வரியும் ஒரு காரணமாயிற்று. கிளர்ச்சியை அடக்க நடந்த போரில் அலுவிகாரையின் ஏட்டுச்சுவடிகள் அழிந்தன. மற்றையது, 1947இல் பொலிஸ் மா அதிபர் பதவியை ஏற்ற முதலாவது இலங்கையரான சேர் றிச்சட் அலுவிகார இவ்வூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதாகும். துவக்கு எவரிடம் இருக்கலாம், அதற்கு எவர் பொறுப்புக் கூற வேண்டும் என்ற கேள்வி இம்மண்ணுக்குப் புதியதன்று.

அக்கேள்வி இன்று வேறொரு வடிவில் எழுகின்றது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் விளையும் இப்பிரதேசத்தில் காட்டுப் பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் விவசாயியின் ஓராண்டு உழைப்பை ஓரிரவில் அழித்துவிடுகின்றன. அனுமதி பெற்ற துவக்கு இருந்தாலும் அதற்கேற்ற ரவை கிடைப்பது எளிதன்று. வெளிநாடுகளில் சிலர் வீட்டிலேயே ரவை தயாரிப்பதையும், பருமன் கூடிய சன்னத்தை அழுத்தி மெலிதாக்கிப் பயன்படுத்துவதையும் கேள்வியுற்ற ஒருவருக்கு, நாமும் அவ்வாறு செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணத்தில் மறைந்துள்ள ஆபத்தை விளக்குவது எமது கடமையெனக் கருதுகின்றோம்.

ரவை என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு உறுப்புகள் சேர்ந்ததொன்று. பித்தளையாலான கோது, அதன் அடியில் தட்டியவுடன் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்தப்பட்ட சன்னம் என்பனவே அவை. சுட்ட பின் கோது பெரும்பாலும் பழுதின்றி எஞ்சுவதால் அதனை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் தமது சொந்தப் பயனுக்காக இவ்வாறு நிரப்புவதற்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்வதற்கே அது தேவை. அங்கு இதற்கான கருவிகளும் ஒவ்வொரு துவக்குக்கும் உரிய அளவுகளைச் சோதித்துப் பதித்த கைநூல்களும் கடைகளில் விற்கப்படுகின்றன.

இத்தொழிலின் உயிர்நிலை அளவு ஆகும். எமது ஊர்களில் நன்கு அறிமுகமான 12 போர் துவக்கின் இலக்கம் அங்குலத்தையோ மில்லிமீற்றரையோ குறிப்பதன்று. குழலின் அகலத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதே அதன் பொருள். அதனாலேயே 16 போர் துவக்கின் குழல் 12 போரினதை விட ஒடுக்கமாக இருக்கின்றது. றைபிள்களின் கணக்கு இதனிலும் சிக்கலானது. ‘7.62’ என்ற ஒரே பெயர் தாங்கிய ரவைகளில், டி-56 துவக்கின் சன்னம் ஏறத்தாழ 7.9 மில்லிமீற்றர் விட்டமுடையது. நேட்டோ நாடுகளின் 7.62 ரவையின் சன்னமோ ஏறத்தாழ 7.82 மில்லிமீற்றர். பழைய .303 றைபிளின் பெயர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு என்று சொன்னாலும் அதன் சன்னம் 311 பங்கு பருமனுடையது. பெயரை நம்பி அளவை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இவையே போதிய சான்று.

இவ்விரு 7.62 சன்னங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு எழுதுதாளின் கனம்கூட இல்லை. மலிவாகக் கிடைக்கும் பருமனான சன்னத்தை உருக்கு அச்சொன்றினூடாக அழுத்திச் செலுத்தி இவ்வேறுபாட்டை நீக்குவதையே மேல்நாட்டுப் பொழுதுபோக்காளர் செய்கின்றனர். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் உலோகத்தின் குணம் குறுக்கிடுகின்றது. சன்னத்தின் வெளியுறை செம்புக் கலவையாலும் உள்ளீடு ஈயத்தாலும் ஆனவை. அழுத்தம் நீங்கியதும் வெளியுறை சற்றே மீண்டு விரியும். ஈயமோ அழுத்திய நிலையிலேயே நின்றுவிடும். இதனால் உள்ளீடு உறையினுள் தளர்ந்துவிடும் வாய்ப்புண்டு. தளர்ந்த சன்னம் குறி தவறும். போதிய அளவு மெலியாத சன்னம் ஒடுங்கிய குழலில் இறுகிக்கொள்ளும். றைபிள் வெடிக்கும் கணத்தில் அதனுள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. அது வெளியேற வழியின்றித் தடைப்பட்டால் குழல் பிளந்து, சுடுபவரின் கையும் கண்ணுமே முதலில் பறிபோகும்.

சன்னத்தின் பருமன் ஒரு பேரரசையே கலக்கிய கதையும் உண்டு. வாய்வழியாக மருந்திடும் துவக்குகளில் சன்னம் குழலை விடச் சற்று மெலிதாக இருந்தாலன்றி உள்ளே இறங்காது. மிகவும் மெலிந்தால் வெடிப்பின் விசை பக்கவாட்டில் கசிந்துவிடும். பிரித்தானியரின் 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் துவக்கின் குழல் 0.577 அங்குலம். அதன் மெலிந்த சன்னம் காகிதத்தில் சுற்றப்பட்டு, இறுக்கமின்றி இறங்குவதற்காகக் கொழுப்புப் பூசப்பட்டது. அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி 1857 தொடக்கத்தில் வங்காளத்துச் சிப்பாய்களிடையே பரவியபோது இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மே 10ஆம் திகதி மீரட்டில் எழுந்த கிளர்ச்சிக்கு அதுவே உடனடிக் காரணம். வெப்பமும் புகைக்கரியும் சேர்ந்து சன்னத்தை இறங்கவிடாமல் தடுத்த அனுபவத்தின் பின், அதன் விட்டம் 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அரசாங்க ஆயுதச்சாலைகளே இத்தகைய அளவைச் சரிசெய்யப் போர்க்களத்தின் பாடம் வேண்டியிருந்தது என்றால், வீட்டுப் பட்டறையின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

எமது கிராமங்களில் வீட்டில் செய்யப்படும் துவக்கும் மருந்தும் இல்லாமலில்லை. கண்டி இராச்சியக் காலத்துக் கம்மாளர் வெள்ளியும் தந்தமும் பதித்துச் செய்த துவக்குகள் இன்று நூதனசாலைகளில் உள்ளன. அந்தக் கைத்திறனின் சீர்கெட்ட எச்சமே இன்றைய இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும். காட்டுப் பன்றி கடந்து செல்லும் பாதையில் கம்பி கட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்கு, அக்கம்பியில் தட்டுப்படுவது பன்றியா மனிதனா என்று பார்ப்பதில்லை. பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதால் அதிற் சிக்கும் மனிதருக்குப் பெரும்பாலும் காலிலேயே காயம் ஏற்படுகின்றது. விறகு பொறுக்கச் சென்ற தாயும், அதிகாலையில் தோட்டத்துக்கு நீர்கட்டச் சென்ற தந்தையும் காலை இழந்தால் அக்குடும்பத்தின் கதி என்ன? பயிரைக் காக்க வைத்த பொறி பயிர்செய்தவனையே வீழ்த்துகின்றது. ஈயத்தை வீட்டில் உருக்குவதும் தீங்கற்றதன்று. அதன் புகையும் தூசியும் முதலில் தாக்குவது அவ்வீட்டுக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே ஆகும்.

சட்டத்தின் நிலைப்பாடு தெளிவானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் துவக்கையும் வெடிமருந்தையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டவையாக வைத்துள்ளன. துவக்கின் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த அனுமதி ரவை தயாரிப்பதற்கான அனுமதியன்று என்பதை அனைவரும் மனங்கொள்ள வேண்டும். போர்க்காலத்திலும், 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் வீடு வீடாக நடந்த தேடுதல்களைக் கண்ட தமிழ், முஸ்லிம் மக்களுக்கு, கணக்கில் வராத ஒரு ரவை வீட்டில் இருப்பதன் விளைவைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கோதுக்கும் அச்சுக்கும் ‘பொழுதுபோக்கு’ என்ற விளக்கம் அவ்வேளையில் எடுபடாது.

எனினும் விவசாயியை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. சட்டத்தை மீறுபவன் பலவேளைகளில் சட்டம் கைவிட்டவனாகவே இருக்கின்றான். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடெங்கும் ஐந்து நிமிட நேரம் குரங்கு, மயில், மர அணில் போன்றவை கணக்கெடுக்கப்பட்டமை பிரச்சினையை அரசு உணர்ந்துள்ளதைக் காட்டுகின்றது. கணக்கெடுப்போடு காரியம் நின்றுவிடலாகாது. தகுதியுள்ள விவசாயியின் அனுமதிப்பத்திர விண்ணப்பம் காலதாமதமின்றிப் பரிசீலிக்கப்பட வேண்டும். அனுமதி பெற்றோருக்கு உரிய அளவான, தரமுறையான ரவை நியாய விலையில் கிடைக்க வேண்டும். வேலி அமைக்க உதவியும் பயிரழிவுக்கு இழப்பீடும் கமநல சேவை நிலையத்தின் வாயிலாகக் காலத்தில் வந்துசேர வேண்டும். இவை நடந்தால் வீட்டுப் பட்டறையில் எவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய தேவை எழாது.

1848இல் மாத்தளை மக்கள் துவக்கு வரிக்கெதிராகக் கொதித்தெழுந்தமைக்கு, தம்மைக் கேளாது தம்மீது சுமத்தப்பட்ட சுமை என்ற உணர்வே காரணம். இன்றைய அனுமதிப்பத்திரம் அவ்வாறான சுமையாகத் தோன்றாதிருக்க வேண்டுமானால், அதனால் விவசாயிக்குப் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும். விவசாயியும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யலாம். பொருந்தாத ரவையைப் பொருந்தச் செய்ய முயலாது, அதனை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைப்பதே அது. எழுதுதாளின் கனமும் இல்லாத ஓர் இடைவெளிக்காக ஒரு கையையோ ஒரு கண்ணையோ விலையாகக் கொடுப்பது எந்த அறுவடைக்கும் ஈடாகாது.