பக்லர்ஸ் ஹார்டு: ஒரு நதிக்கரைக் கிராமத்தின் சரித்திரக் காரணங்கள்

நதிக்கரை ஊர்களின் ஏற்றத்துக்கும் தாழ்வுக்கும் நதியையே மூலகாரணமாகக் கொள்ளும் வழக்கம் சரித்திர ஆராய்ச்சியில் வேரூன்றியதொன்று. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் காட்டினூடே இறங்கி சோலென்ட் ஜலசந்தியில் கலக்கும் பியூலி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள பக்லர்ஸ் ஹார்டு என்னும் சிற்றூரை நுணுகி நோக்கினால், அக்கொள்கை பாதியளவே பொருந்துவது புலனாகும். ஆறு அவ்வூருக்கு இடம் கொடுத்தது. அதன் வாழ்வை நிர்ணயித்தவை உரிமைச் சாசனமும், காட்டு மரமும், அரசின் தேவையுமே.

1204-இல் ஜான் மன்னர் பியூலியில் நிறுவிய சிஸ்டர்சியன் மடத்தின் உரிமைகள், 1538-இல் மடம் கலைக்கப்பட்டபின் தாமஸ் ரையத்ஸ்லி கைக்கு மாறி, பின்னர் விவாக சம்பந்தத்தால் மான்டேகு வம்சத்தை அடைந்தன. ஆற்றின் மீதான அந்தப் பழைய உரிமையின் பலத்தில், துறைமுக வரிக்கு உட்படாததொரு துறையை இங்கு அமைக்கலாமெனக் கண்ட இரண்டாம் மான்டேகு பிரபு, 1722-இல் செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் தீவுகள் தமக்கு மானியமாக வழங்கப்பட்டதையொட்டி, அடிமைகளின் உழைப்பால் விளையும் மேற்கிந்தியச் சர்க்கரை வந்திறங்கும் பட்டினமாக இவ்விடத்தை நிர்மாணிக்க முனைந்தார். பிரெஞ்சுக்காரரின் எதிர்ப்பால் தீவுகளில் குடியேறும் முயற்சி குலைந்தது. பட்டினமும் இரு வரிசை வீடுகளோடும், அவற்றின் நடுவே கிராமத்தின் அளவுக்கு ஒவ்வாத அகன்ற வீதியோடும் நின்றுவிட்டது.

வியாபாரத்துக்கென வகுத்த அவ்வீதியே பிற்பாடு கப்பல் மரங்களை அடுக்கிவைக்கும் களமாயிற்று. 1740-களில் கடற்படைக்காகக் கப்பல் கட்டும் தொழில் இங்கு வேரூன்ற, ஹென்றி ஆடம்ஸ் என்னும் தலைமைக் கப்பற்கட்டுநரின் காலத்தில் அது உச்சமடைந்தது. நேராக வளர்ந்த ஓக்கு மரங்களே அன்றி, கப்பலின் விலாச்சட்டங்களுக்கு இயல்பாகவே வளைந்த மரங்களும் வேண்டியிருந்தமையால், காடு அருகிலிருந்தது பெரும் அனுகூலமாயிற்று. 1781-இல் இங்கு நீரில் இறக்கப்பட்ட, 64 பீரங்கிகள் கொண்ட அகமெம்னான், கடற்படைத் தளபதி நெல்சனின் பிரீதிக்குரிய கப்பலாயிற்று. அதுவும், இங்கேயே கட்டப்பட்ட யூரியாலஸ், ஸ்விஃப்ட்ஷர் ஆகியவையும் 1805-ஆம் ஆண்டின் டிரஃபால்கர் போரில் பங்குகொண்டன.

ஆழ்ந்த கரையோர நீரும், காற்றுக்கு மறைவான வளைவும் இல்லாவிடில் இவை கைகூடியிருக்குமோ என வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே, ஆயினும் அவை காரியத்துக்கு வேண்டிய சூழ்நிலையேயன்றிப் போதிய காரணமாகா. நெப்போலியனிய யுத்தங்கள் ஓய்ந்து, கடற்படையின் கோரிக்கை குன்றியதும், பின்னர் இரும்பு மரத்தின் ஸ்தானத்தைக் கைக்கொண்டதும் இத்தொழிலுக்கு முடிவு கட்டிய காலத்தும், ஆற்றின் வளைவும் வற்று-பெருக்கும் முன்போலவே இருந்தன. நதியே முழுக்காரணமாயின் இந்த வீழ்ச்சிக்கு விளக்கமில்லை. இரண்டாம் உலகப்போரின் தேவையால் இந்த ஆறு மீண்டும் சிறு போர்ப்படகுகளின் பணிக்களமானதும் இதே முடிவை வலியுறுத்தும். ஆகவே புவியியலினின்று ஒரு கிராமத்தின் சரித்திரத்தை நேரே வருவிக்க முயல்வோர், அதன் கரையை அளக்குமுன் அதன் சாசனங்களையும், அதன் தொழிலை விலைக்குக் கொண்டவர்களையும் விசாரித்தறிவதே முறையாகும்.